மருந்து மேடமும் அத்தான் ஆரம்பித்த குரூப்பும்

அவளுடைய நம்பரை யாரும் அவள் பெயரில் சேமித்து வைத்திருக்கவில்லை. ஒருவர் போனில் அவள் 'ஏசி சர்வீஸ்'. இன்னொருவர் போனில் 'பல் டாக்டர்'. கடைத்தெருவில் மாடியும் கீழுமாக ரெஸ்டாரண்ட் நடத்தும் மீசைக்காரர் 'சின்ன சித்தி' என்று போட்டு வைத்திருந்தார். அவள் கூப்பிட்டால், "சித்தி, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவர்களைத் தாண்டி, சமையலறையையும் தாண்டி, பின்வாசலுக்கு வந்த பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "சொல்லுங்க மேடம்" என்பார். சித்தியைவிட அவருக்குத்தான் வயது அதிகம்.

இத்தனை ஒளிவுமறைவுக்கும் காரணம் அவள் தொழில். கரப்பான், எலி, எறும்பு, மூட்டைப்பூச்சி என்று எது வந்தாலும் மருந்து வைத்து விரட்டுகிற பெஸ்ட் கன்ட்ரோல் வேலை. சாப்பாடு விற்கிற இடத்தில் இதெல்லாம் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும். விரட்ட ஆள் வந்தது என்று தெரிந்தாலும் அதே கதிதான். அதனால் அவளுடைய வெள்ளை வேனில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. மருந்தும் பம்பும் காய்கறி வருகிற பிளாஸ்டிக் கூடைகளில்தான் உள்ளே போகும். வேலை பார்க்கிறவர்கள் இருவரும் சாதாரணச் சட்டையில் வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் கையுறையையும் முகமூடியையும் மாட்டுவார்கள். அந்த ஆட்கள் அவளை மருந்து மேடம் என்று கூப்பிடப்போய், தொழிலில் அதுவே அவள் பெயராகிவிட்டது.

அவள் விலங்கியல் படித்தவள். படிப்பு முடிந்து ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியில் சேரப்போகிறேன் என்றதும் அவள் அப்பா வீட்டையே இரண்டாக்கினார். "எலி பிடிக்கவா இத்தனை வருஷம் படிக்க வெச்சேன்?" அப்போது அவள் பக்கம் நின்றவர் ஒரே ஒருவர், அக்கா புருஷன். "மாமா, டாக்டர் கண்ணுக்குத் தெரியாததைக் கொல்றார். இவ கண்ணுக்குத் தெரியறதைக் கொல்றா. இவ வேலைதானே நேர்மையான வேலை?" என்று அவர் போட்ட போட்டில் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சில வருடங்களில் அந்தக் கம்பெனி மூடியது. இருந்த வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அவளே சொந்தமாக ஆரம்பித்தாள்.

ஹோட்டல்காரர்கள், பேக்கரிக்காரர்கள், சமையல் சாமான் விற்பவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, கார்டு மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுக் கலைகிற கூட்டம் அவ்வப்போது நடக்கும். அதற்கு அவள் முதன்முதலாகப் போனபோது ஒன்று நடந்தது. ஒரு ஹோட்டல் மேனேஜர் மனைவியோடு வந்திருந்தார். அவருடைய ஹோட்டலில் ஒரு மாடி முழுக்க மூட்டைப்பூச்சியை ஒழித்துக் கொடுத்தவள் அவள்தான். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டாள். மேனேஜரின் மனைவி, "யாருங்க இவங்க?" என்றாள். அவர் அவளை ஒரு தூணைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "தெரியலையே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அந்த மூட்டைப்பூச்சிகளை மறுபடி கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் கோபம் வடிந்தது. மனுஷன் திமிரில் சொல்லவில்லை, பயத்தில் சொல்லிவிட்டார். எனக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் அவரை அப்படி மாட்டிவிட்டது யார்? நான்தானே!

அடுத்த கூட்டத்திலிருந்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தெரிந்த முகம் எதிரே வந்தால், அவர்கள் சங்கடப்படுவதற்கு முன்பே தன் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். 'தெரியாது' என்று சொல்லவேண்டிய கஷ்டத்தையே யாருக்கும் வைக்கமாட்டாள். அவர்களாக வந்து பேசினால் பேசுவாள்.

"யாரையும் தெரியாத மாதிரி நிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு இஸ்திரி?" என்று அவள் கணவன் கிண்டல் செய்வான். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"தெரியாதவங்களைத் தெரிஞ்சுக்கறதுக்குத்தான் போறேன்" என்பாள்.

அது உண்மை. யாரிடமாவது பேச ஆரம்பித்தால் கண்ணை அங்கே இங்கே ஓடவிடாமல் பேசுவாள். எதிராளிக்கு என்ன தலைவலி என்று கேட்பாள். பேக்கரிக்காரர் அடுப்பு மக்கர் பண்ணுகிறது என்றால், போன கூட்டத்தில் பார்த்த அடுப்பு மெக்கானிக்கின் நம்பரைத் தேடிக் கொடுப்பாள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால், "சமையலறைச் சுத்தம் சம்பந்தமான வேலைங்க" என்று நிறுத்திக்கொள்வாள். புரிகிறவர்களுக்குப் புரியும். கொஞ்ச நாள் கழித்து எங்கிருந்தோ ஒரு போன் வரும், கிசுகிசுக்கிற குரலில். அவளுக்கு வேலை அப்படித்தான் வந்தது. அடுத்தவர் வீட்டு விஷயம் அவள் வாயிலிருந்து வராது என்று தெரிந்ததால் வந்தது.

இந்த நிலைமையில்தான் அத்தான் ரிட்டயர் ஆனார். வாழ்க்கை முழுக்க டயர் விற்றவர். அவர் கை குலுக்கினால் தோள்வரை ஆடும். சும்மா இருக்கத் தெரியாத மனிதர் வீட்டில் சும்மா இருக்க ஆரம்பித்ததும், அக்காவிடமிருந்து போன் வந்தது.

"உப்பு டப்பாவைத் தேடி அரை மணி நேரமா நிக்கறேன்டி. கேட்டா, 'எல்லாத்தையும் அகர வரிசையில அடுக்கிட்டேன், பாத்து எடு'ங்கறார். இவரை உன் ஆபீஸ்ல ஒரு மூலையில உக்கார வைடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அத்தான் மூலையில் உட்காருகிற ரகம் இல்லை. வந்த முதல் நாளே வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இங்க பெருசா ஒரு கரப்பான் படம் போட்டு, குறுக்க ஒரு சிவப்புக் கோடு போட்டா எப்படி இருக்கும்?" என்றார். வேன் தப்பித்தது. ஆனால் அடுத்து வந்த கூட்டத்துக்கு நானும் வருவேன் என்று நின்றார். அவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

போகிற வழியில் மெதுவாக ஆரம்பித்தாள். "அத்தான், ஒரு விஷயம். உள்ள போனதும், நமக்குத் தெரிஞ்சவங்க யாரையும் நமக்குத் தெரியாது."

"என்னம்மா இது? நாம பூச்சி பிடிக்கறோமா, உளவு பாக்கறோமா?"

"அவங்களா வந்து பேசினாப் பேசுவோம். கார்டும் கேட்டாக் குடுப்போம்."

"கேட்டாத்தான் குடுக்கணும்னா அது கார்டு இல்லம்மா, கடன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் கோட்டின் இரண்டு பைகளும் புடைத்திருந்தன.

ஹாலுக்குள் நுழைந்ததும் அத்தான் சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுகிற வேகத்தில் கார்டு போட ஆரம்பித்தார். இரண்டு கையிலும் சூப் கிண்ணத்தைப் பிடித்திருந்த ஒருவரின் சட்டைப் பையில் தானே செருகினார். தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு நடுவே தலையை நுழைத்து, "குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க" என்று குறுக்கே பேசினார். பேர் கேட்பதற்கு முன்பே, "உங்களுக்கு என்ன சார் தொல்லை? பறக்கறதா, ஊர்றதா?" என்றார். ஒருவர் தன் ஃப்ரீசர் ரிப்பேரான கதையைச் சொல்ல, அத்தானின் கண் அவர் தோளைத் தாண்டி அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. "உள்ள இருந்த அத்தனையும் கெட்டுப்போச்சுங்க" என்று அவர் முடித்தபோது, "அருமை, அருமை" என்று கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

தூரத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த மருந்து மேடம் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு அவர் பக்கம் நடந்தாள். அத்தான் அடுத்துப் போய் நின்ற இடம் மீசைக்காரருக்கு எதிரே. கூட இருந்த இருவர் புதிதாக ஒரு பெரிய வணிக வளாகம் கட்டுகிறவர்கள். அதில் அவருக்கு ஒரு கிளை கொடுப்பதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே! நம்ம கிச்சன் இப்ப எப்படி இருக்கு? நம்ம ஆளுங்க வந்துட்டுப் போனதுலேருந்து..."

மீசைக்காரரின் முகத்தில் மீசை மட்டும்தான் கறுப்பாக இருந்தது. "நீங்க... அந்த நாப்கின் சப்ளைதானே?" என்றார், கெஞ்சுகிற கண்களோடு.

அதற்குள் அவள் அங்கே வந்துவிட்டாள். "ஆமாங்க, நாப்கின்தான். புது லோடு வந்து சேந்துச்சான்னு கேக்கறார். வந்துடுச்சுல்ல சார்?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு."

கட்டிடக்காரர்களில் ஒருவர் திரும்பினார். "எங்களுக்கும் நல்ல நாப்கின் ஆள் வேணுமே. உங்க நம்பர் குடுங்க."

"நாளைக்குக் காலைல உங்களைக் கூப்பிடச் சொல்றேங்க" என்று கண்ணிமைக்காமல் சொல்லி, அவர் கார்டை வாங்கிக்கொண்டாள். அப்படியே வராந்தாவுக்குப் போய், போன வருடக் கூட்டத்தில் பழக்கமான ஒரு நாப்கின்காரரைக் கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொன்னாள். அந்த மனிதருக்கு இன்றுவரை தன் பெரிய ஆர்டர் எப்படி வந்தது என்று தெரியாது.

திரும்பும்போது வேனில், "அவர் முகத்தைப் பாத்தீங்களா அத்தான்?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன், பாவம். வேர்த்துக் கொட்டிடுச்சு. அங்க ஏசி சரியில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்திப் புட்டுப் புட்டு வைத்திருப்பாள். அப்பாவிடம் தனக்காகப் பேசிய வாய் அது. வீட்டுக்குப் போய்ச் சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் காபியைக் கையில் எடுத்தபோது, மேஜைமேல் போன் துடித்துக்கொண்டே இருந்தது. "உனக்கு ஏதோ விருது குடுத்திருக்காங்க போல" என்றான் கணவன்.

எடுத்துப் பார்த்தாள். 'பூச்சியில்லாப் பொன்னுலகம்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். ஆபீஸ் போனில் இருந்த அத்தனை வாடிக்கையாளர்களையும், நேற்று அவரிடம் கார்டு கொடுத்தவர்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்திருந்தார் அத்தான். முதலில் ரோஜாப்பூ, காலை வணக்கம். அதற்குக் கீழே மல்லாக்கக் கிடந்த ஒரு கரப்பான். அதற்கும் கீழே, 'எங்கள் வாடிக்கையாளர்களே எங்கள் பெருமை! ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்!'

அறிமுகம் நடந்துகொண்டிருந்தது. "அட, நீங்களும் இங்கதானா!" என்று யாரோ யாரையோ கேட்டிருந்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெளியேறினார், வெளியேறினார், வெளியேறினார்தான். தியேட்டரில் தீப்பிடித்த மாதிரி எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் அவளையும் அட்மின் ஆக்கியிருந்ததால் அவளே குரூப்பைக் கலைத்தாள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

அவள் ஆபீஸுக்குப் போனபோது அத்தான் அவளுக்கு முன்பே வந்து, மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். "ஒரே அமுக்குல எல்லாரையும் சேத்துட்டேன் பாத்தியா?"

"அத்தான்" என்றாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அதுல இருந்த ஒவ்வொருத்தரும் நம்மகிட்ட ஒரு ரகசியத்தை நம்பிக் குடுத்திருக்காங்க. நாம அதை மைக் வெச்சுப் படிச்சுட்டோம்."

அத்தான் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "நான் எல்லாருக்கும் ஒரு மன்னிப்பு மெசேஜ் போட்டுடட்டுமா?"

"வேண்டாம் அத்தான். அதையும் பக்கத்துல இருக்கறவங்க படிப்பாங்க. நான் நேர்ல போய்ப் பாத்துக்கறேன்."

அவர் எழுந்து போனார். சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றும் அதற்கடுத்த நாட்களும் அவள் பின்வாசல் பின்வாசலாக ஏறி இறங்கினாள். எந்த இடத்திலும் அத்தான் பேரை எடுக்கவில்லை. "என் ஆபீஸ்ல நடந்த தப்புங்க. தப்பு என்னோடது" என்று மட்டும் சொன்னாள். சிலர் உர்ரென்று கேட்டுக்கொண்டார்கள். சிலர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளைத் தெரியவே தெரியாது என்ற அந்த ஹோட்டல் மேனேஜர்தான் எதிர்பாராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எதிர்த்த ஹோட்டல்காரனும் அதுல இருந்தான் மேடம்! அவன் ரூம்லயும் மூட்டைப்பூச்சியா? எனக்கு இனிமே நல்லாத் தூக்கம் வரும்" என்று டீ வரவழைத்துக் கொடுத்தார்.

பேக்கரி முதலாளி அப்படி இல்லை. மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எங்க கேக்கைக் கல்யாணத்துக்கு வாங்கறவங்க அந்த குரூப்ல இருந்தாங்க, தெரியுமா உங்களுக்கு?" அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "நீங்க வேணும்னு செய்யல, தெரியும். ஆனா என் நம்பர் இனிமே உங்க போன்ல இருக்க வேண்டாம்."

அவள் ஆபீஸ் போனை எடுத்து, அவர் பார்க்கும்படி திருப்பிப் பிடித்து, அவர் நம்பரை அழித்தாள். தன் போனிலும் அழித்தாள். பிறகு, "மாவு வைக்கற ரூம்ல, கதவுக்கு அடியில ஒரு இடுக்கு இருக்குங்க. யாரை வெச்சாவது ஒரு ரப்பர் பட்டை அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அவளிடம் திரும்பி வரவில்லை. வருவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

பெரிய பூகம்பம் கடைத்தெருவில் காத்திருந்தது. மீசைக்காரரின் ரெஸ்டாரண்டுக்கும் பக்கத்து சூப் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். சூப் கடையை நடத்துகிற அம்மாள் வாய்க்குப் பேர் போனவர். இரண்டு பேருமே பல வருடமாக அவளுடைய வாடிக்கையாளர்கள். ஒருவருக்கு இன்னொருவரைப் பற்றித் தெரியாது. "எலியெல்லாம் பக்கத்துலேருந்துதானே மேடம் வருது?" என்று இரண்டு பேரும் தனித்தனியாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள். அவள் எலியைப் பற்றிப் பேசுவாளே தவிர பக்கத்தைப் பற்றிப் பேசமாட்டாள்.

அவள் பின்வாசல் சந்துக்குள் நுழைந்தபோது இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு கதவில்.

"வாங்கம்மா, வாங்க" என்றார் சூப் கடை அம்மாள். "அங்கயும் நீங்க, இங்கயும் நீங்களா? இங்கேருந்து அங்க விரட்ட ஒரு பில், அங்கேருந்து இங்க விரட்ட ஒரு பில். ஒரே எலியை வெச்சு ரெண்டு வீட்ல பொழப்பு நடத்தறீங்களா?"

"நானும் அதையேதான் கேக்கறேன், சித்தி" என்றார் மீசைக்காரர். கோபத்தில் மேடம் என்று சொல்ல மறந்துவிட்டார். "சித்தியா?" என்று அந்த அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

மருந்து மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. குரூப் விஷயத்தில் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் குனிவாள், அது அவள் தப்பு. ஆனால் இது அபாண்டம்.

"உங்க கடை விஷயத்தை அவர்கிட்ட நான் சொல்லல. அவர் கடை விஷயத்தை உங்ககிட்ட சொல்லல. சொல்லிருந்தா நீங்க ரெண்டு பேருமே என்னை வெச்சிருக்கமாட்டீங்க" என்றாள். "ஆனா ரெண்டு பேர்கிட்டயும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிருக்கேன். என்னன்னு நீங்களே சொல்லுங்க."

சூப் கடை அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா."

"சாக்கடை மூடி" என்று முணுமுணுத்தார் அந்த அம்மாள்.

"நீங்க, சார்?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். "அதேதான். ஆனா அது அவங்க பக்கம் இருக்கறது."

"என்னது, எங்க பக்கமா? கண்ணைத் திறந்து பாருங்க, அது உங்க பக்கம்!"

அவள் கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, உடைந்த சிமென்ட் மூடியின் ஒரு முனையைப் பிடித்தாள். "சார், அந்தப் பக்கம் தூக்குங்க" என்றாள். மீசைக்காரர் வேட்டைக்குப் போகிறவர்போலக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தூக்கினார். கீழே, இரண்டு கடைகளின் குழாயும் வந்து சேருகிற இடத்தில் பக்கச்சுவர் இடிந்து, இரண்டு பக்கமும் வளை போயிருந்தது. யார் பக்கம் என்று சொல்ல வழியே இல்லாமல் நட்ட நடுவில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தலையை நீட்டி, மூன்று பேரையும் பார்த்துவிட்டு, நிதானமாக உள்ளே போனது.

சூப் கடை அம்மாள்தான் முதலில் சிரித்தார். "எவ்வளவு தெம்பாப் போகுது பாருங்க, வாடகை குடுக்கற மாதிரி!"

அந்த வாரமே இருவருமாகச் சேர்ந்து கொத்தனாரை வைத்து அதைக் கட்டினார்கள். எலி குறைந்தது. அவளை அடிக்கடி கூப்பிடுகிற தேவையும் குறைந்தது. வேலை குறையும் என்று தெரிந்தேதான் அவள் அத்தனை வருடம் அந்த மூடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் அக்கா போன் செய்தாள். "அவரை என்னடி சொன்ன? சரியாச் சாப்பிடறதில்ல. பேசறதில்ல. டப்பாவையெல்லாம் பழைய இடத்துல வெச்சுட்டார். எனக்குப் பயமா இருக்கு."

அன்று மாலையே அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப்போனார்.

"டயரை அப்படித்தாம்மா வித்தேன்" என்றார். "பத்துப் பேர் மேல விழுந்து பேசினா ஒருத்தன் வாங்குவான். மிச்ச ஒம்பது பேர் என்ன நினைச்சான்னு நான் திரும்பிப் பாத்ததே இல்ல."

"டயர் வாங்கறதுல யாருக்கும் வெக்கமில்ல அத்தான். இது வேற."

"நான் உனக்குச் சரிப்பட்டு வரமாட்டேன்."

"கூட்டத்துக்குச் சரிப்பட்டு வரமாட்டீங்க" என்றாள். அவரிடம் இத்தனை நாள் சொல்ல வராதது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. "ஆனா நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க. போன் எடுக்க ஆள் வேணும்."

அவள் இரக்கப்பட்டுக் கூப்பிடவில்லை. வீடுகளிலிருந்து வருகிற அழைப்புகளை அவள் ஆட்களுக்குக் கையாளத் தெரியாது. கூப்பிடுகிறவர்கள் வெட்கத்தில் விஷயத்துக்கே வரமாட்டார்கள். ஆட்கள் பொறுமையிழந்து, "என்ன பூச்சி, எத்தனை ரூம்?" என்பார்கள். எதிர்முனை வைத்துவிடும். ஒருவரோடு ஒருவராகப் பேச உட்கார்ந்தால் அத்தானைப்போல அன்பாகப் பேச ஆள் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அவருக்குக் கூட்டம்தான் ஆகாது.

சில நாள் கழித்து அவள் ஆபீஸுக்குள் நுழைந்தபோது அத்தான் போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண் விசும்புவது வெளியே கேட்டது. வெகுநேரம் அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு, "அழாதம்மா. சுத்தமில்லாததால வர்றது இல்ல அது. மூட்டைப்பூச்சி ஊருக்குக் கொண்டுபோற பெட்டியில ஏறிக்கூட வந்துடும். எங்க வீட்லயே வந்துச்சு. என் பொண்டாட்டி மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் அடிச்ச அடியில பக்கத்து வீட்டுக்காரங்க எங்களுக்குள்ள சண்டைன்னு நினைச்சுட்டாங்க" என்றார். விசும்பல் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சிரிப்பு கேட்டது.

விலாசத்தை வாங்கிக்கொண்டு போனை வைத்தவர், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகத்தில் பழைய களை.

"அத்தான், உங்க வீட்ல மூட்டைப்பூச்சி இருந்துச்சா? அக்கா என்கிட்ட சொல்லவே இல்லையே!"

அத்தான் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மெதுவாம்மா" என்றார் தணிந்த குரலில். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அவ என்கிட்ட சத்தியம் வாங்கிருக்கா."